பின் சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் சத்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரை இறக்கியவர்கள் (உயரத்தைக் குறைத்தவர்கள்), புஷ் (இணைப்புகளில் வரும் ரப்பர் உருளை) மாற்றியவர்கள், எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) போட்டவர்கள் என்று யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் வந்து நிற்பது சத்தத்தில்தான். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பின்சக்கரங்களை எஞ்சின் ஓட்டும் கார்களை மனதில் வைத்து எழுதியது இது. அவற்றில் கியர் பாக்ஸிலிருந்து பின்னே போகும் நீளத் தண்டுதான் புரோப்பெல்லர் ஷாஃப்ட்; அதன் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் கூடுதான் டிஃபரன்ஷியல். முன்சக்கர ஓட்டமுள்ள கார் என்றால் புரோப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் பற்றிய கேள்விகளைத் தாண்டிவிடுங்கள், மற்றவை பொருந்தும்.

கார் பின்னாடி ஏதோ சத்தம் வருது. முதல்ல எதைக் கழட்டிப் பார்க்கணும்?

எதையும் கழற்ற வேண்டாம். முதலில் ஓட்டிப் பார்த்து, சத்தம் எப்போது வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கிருந்து வருகிறது என்பதில் நம் காதை நம்ப முடியாது. காரின் உடம்பு முழுக்க ஒரே தகட்டுக் கூடு. இடது பக்கம் தட்டும் போல்ட்டின் ஓசை வலது இருக்கைக்குக் கீழே கேட்கும். ஆனால் எப்போது வருகிறது என்பதில் காது ஏமாறுவது குறைவு.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால் சஸ்பென்ஷனைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் வந்தால், கியர் பாக்ஸ் முதல் சக்கரம் வரை உள்ள இணைப்புகளில் எங்கோ ஆட்டம். வேகம் கூடக் கூட ஸ்தாயியும் கூடினால் அது சுழலும் பொருள். திரும்பும்போது மட்டும் வந்தால் பேரிங், ஆக்சில் ஜாயின்ட், டிஃபரன்ஷியல். வேகம், கியர், சாலை, வண்டி சூடாக இருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேனுவல் கியர் கார் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஆளில்லாத நேர் சாலையில், சத்தம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினையும் கிளட்சையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஜாக்கி போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?

இருக்கிறது. டிக்கியை முழுக்கக் காலி செய்யுங்கள்: ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அதே சாலையில் ஒரு முறை ஓட்டுங்கள். அப்புறம் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள். ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள இடையில் வைக்கும் வளையம்) போட்ட காரில் இது கட்டாயம். ஸ்பேசரை ஹப்போடு (சக்கரம் பூட்டும் நடுப்பாகம்) பிடித்திருக்கும் உள் நட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சைலன்சர் குழாயைக் கையால் ஆட்டி, அது ஆக்சிலையோ தரையையோ தொடுகிறதா என்று பாருங்கள். காரை இறக்கினால் இந்த இடைவெளிதான் முதலில் குறையும்.

சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். உடனே நின்றுவிட்டால் பிரேக் பேட் காலிப்பருக்குள் லொடலொடவென்று ஆடுகிறது என்று அர்த்தம்; சஸ்பென்ஷன் மேல் பழி போட வேண்டாம்.

மேடு பள்ளத்துல 'டொக்'னு ஒரு அடி. ஷாக் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. கெட்டுப்போன ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வண்டியைத் துள்ள வைக்கும், எண்ணெய் கசியும். ஆனால் 'டொக்' என்று அடிப்பது பெரும்பாலும் ஷாக்கைப் பிடித்திருக்கும் பாகங்கள்தான். மேல் மவுன்ட்டின் ரப்பர், அதன் நட், கீழ் போல்ட், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். சின்னச் சின்ன மேடுகளில் வேகமாகத் தட்டினால் ஸ்டெபிலைசர் பார் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க் மீது சந்தேகம் வைக்கலாம். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, மெதுவாக ஒரு சுற்று போய் வந்தால் தெரிந்துவிடும். பெரிய பள்ளத்தில் மட்டும் ஒரே ஒரு அடி என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

என் காரில் ஒரு 'டொக்' என்னை மூன்று வாரம் அலைய வைத்தது. ஷாக் இரண்டையும் மாற்றியாயிற்று, சத்தம் போகவில்லை. கடைசியில் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் ஒன்றின் போல்ட் தலைக்கு அடியில், வாஷரை ஒட்டி, பிறை வடிவில் ஒரு பளபளப்பு. சுற்றிலும் தூசி அப்பியிருக்க, அந்த இடம் மட்டும் வெள்ளி போல மின்னியது. போல்ட் கைக்குத் திரும்பவில்லை. ஸ்பேனர் போட்டதும் கால் சுற்று இறுகியது. அதோடு சத்தம் நின்றது. அன்றிலிருந்து இறுக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும், தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. ஆட்டத்தைத் தேடும்போது தூசிக்கு நடுவே பளபளக்கும் உலோகத்தைத் தேடுங்கள். அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்பிரிங் மாத்தி காரை இறக்கினதுக்கு அப்புறம்தான் சத்தமே. ஸ்பிரிங் சரியில்லையா?

ஸ்பிரிங் நல்லதாகவே இருக்கலாம், அது உட்கார்ந்த விதம் தவறாக இருக்கலாம். குட்டையான ஸ்பிரிங்கைப் பழைய நீளமான ஷாக்கோடு போட்டால், சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகும். பள்ளத்தைத் தாண்டிச் சக்கரம் திரும்ப மேலே வரும்போது 'டங்' என்று போய் உட்காரும். காரைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் காரணம் அதுதான். காயில்ஓவரில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் அமைப்பு) இதைத் தடுக்கத்தான் சின்ன ஹெல்பர் ஸ்பிரிங் வைக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இறக்கிய காரில் சக்கரம் மேலே போக இடம் குறைவு என்பதால் பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டை) அடிக்கடி மோதும். அதன் மேல் ஒரு சிட்டிகை கிரீஸ் தடவி ஒரு நாள் ஓட்டினால், எதிரே உள்ள தகட்டில் அச்சு விழுந்திருக்கும். ஸ்பிரிங்கின் நுனி அதன் குழியில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, காயில்ஓவரின் லாக் ரிங் தளர்ந்திருக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

அப்புறம் பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. கன்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கி வைத்ததுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். முனகும், சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் மாற்றி உயரம் மாறியிருந்தால் எல்லாப் புஷ் போல்ட்டையும் தளர்த்தி, புது உயரத்தில் திரும்ப இறுக்குங்கள்.

பாலியூரித்தேன் புஷ் போட்டதுல இருந்து 'கிரீச் கிரீச்'. கிரீஸ் அடிச்சா போதுமா?

எந்த கிரீஸ் என்பதுதான் கேள்வி. ரப்பர் புஷ் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். அது தனக்குள் முறுக்கி வளையும், உரசாது. பாலியூரித்தேன் புஷ், தன் நடுவில் உள்ள உலோகக் குழாயை (ஸ்லீவ்) சுற்றி வழுக்கிச் சுழலும். உராயும் இடம் காய்ந்தால் கிரீச்சிடும். புஷ்ஷோடு கொடுக்கும் ஒட்டும் தன்மையுள்ள சிலிக்கான் கிரீஸைத்தான் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பக்கத்தில் இருக்கும் ரப்பர் பாகங்களை உப்ப வைத்துவிடும்.

எந்தப் புஷ் கத்துகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு ஆள் காரை மேலும் கீழும் அமுக்கட்டும். எதில் தெளித்ததும் நிற்கிறதோ அதைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிதாகத் தடவுங்கள். வெளியிலிருந்து ஸ்பிரே அடித்தால் ஒரு மழை வரைக்கும்தான் தாங்கும். கிரீஸ் தடவியும் சில நாளில் திரும்பினால், உள் ஸ்லீவ் புஷ்ஷைவிடக் குட்டையாக இருந்து, பிராக்கெட் புஷ்ஷையே நசுக்குகிறதா என்று அளந்து பாருங்கள்.

ரோஸ் ஜாயின்ட் போட்டா தட்டத்தான் செய்யும்னு சொல்றாங்க. சரியா?

பாதி சரி. ரோஸ் ஜாயின்ட் என்பது ரப்பர் இல்லாமல், குழிக்குள் உலோகப் பந்து சுழலும் இணைப்பு. சாலையின் ஓசையை அது அப்படியே உள்ளே கொண்டுவரும், அதில் தப்பில்லை. ஆனால் நல்ல ரோஸ் ஜாயின்ட் தட்டாது. ஜாயின்ட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரைக் காரை ஆட்டச் சொல்லுங்கள். விரலுக்கு ஒரு 'டிக்' தெரிந்தாலே பந்து தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். அதற்கு முன் பூட்டு நட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சத்தம் ஒரே மாதிரி இருக்கும்.

கியர் போட்டதும், ஆக்சிலரேட்டரை விட்டு மிதிச்சதும் 'டங்'குனு அடிக்குது.

கியர் பாக்ஸ் முதல் சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் பிளே (ஆட்டம்) உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சாயும்போது அந்த அடி கேட்கிறது. ஆகவே, இதில் யாருடைய பங்கு அதிகம் என்று பார்க்க வேண்டும்.

சமதளத்தில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் புரோப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். யூ ஜாயின்ட்டின் (ஷாஃப்ட்டின் முனையில் கோணம் வளைய விடும் இணைப்பு) ஒரு பக்கம் திரும்பி மறு பக்கம் சும்மா இருந்தால் கிராஸ் (அதன் நடுவே உள்ள சிலுவை வடிவத் துண்டு) தேய்ந்திருக்கிறது. பினியன் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட் டிஃபரன்ஷியலோடு சேரும் தட்டு) திரும்பிச் சக்கரம் நகர நேரமானால் ஆட்டம் டிஃபரன்ஷியலுக்குள். பினியன் ஃபிளாஞ்ச் மேலும் கீழும் ஆடினால் அது தனிக் கதை: பேரிங்கோ பினியன் நட்டோ தளர்ந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். பல கார்களில் கிரவுனுக்கும் பினியனுக்கும் (டிஃபரன்ஷியலின் பெரிய, சின்னப் பல் சக்கரங்கள்) நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.13 முதல் 0.20 மி.மீ.; ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்களின் ஆட்டமும் சேர்வதால் கைக்கு அதைவிட அதிகமாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம்.

முன்னும் பின்னும் மாற்றி நகர்த்தும்போது சக்கரத்தின் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கூர்மையான 'டிக்' மட்டும் வந்தால், ஆக்சில் நட் இறுகும் முகமும் ஹப் ஸ்பிளைனும் (ஆக்சில் கோத்துக்கொள்ளும் வரிப்பள்ளங்கள்) காய்ந்து உரசுகின்றனவா என்று பாருங்கள். சுத்தம் செய்து, பேஸ்ட் தடவி, புது நட் போட்டு, சொன்ன டார்க்குக்கு இறுக்கினால் பல நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

மெதுவா போகும்போது குருவி கத்துற மாதிரி 'சிக் சிக் சிக்'.

காய்ந்துபோன யூ ஜாயின்ட். கப்பைச் சுற்றித் துருத் தூள் சிவப்பாகப் படிந்திருக்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சத்தம் மூன்று, நான்கு முறை வந்தால் அது ஷாஃப்ட்டின் வேகம், சக்கரத்தினுடையது அல்ல. தள்ளிப்போட வேண்டாம், ஓடும்போது ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் விழும்.

60-க்கு மேல 'ஊம்ம்'னு ஒரே ராகம். பேரிங்கா, டயரா, டிஃபரன்ஷியலா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாக மாற்றப்படும் பாகங்களும் இங்கேதான். மூன்றையும் பிரிக்க வழி இருக்கிறது. சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். பின் டயர்களை முன்னே மாற்றிப் போட்டுப் பாருங்கள், சத்தமும் முன்னே போகும். உள்ளங்கையால் டயரைத் தடவினால் அலை அலையாகத் தேய்ந்திருப்பது கைக்குத் தெரியும். காரை இறக்கியபின் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்.

லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். இடது பக்கம் திரும்பினால் எடை வலது பக்கம் சாயும். அப்போது கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி, காயில் ஸ்பிரிங்கை விரலால் தொட்டுக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி கேட்டால் டிஃபரன்ஷியல்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கணக்குப் போடலாம். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 72 கி.மீ. என்பது நொடிக்கு 20 மீட்டர், ஆக நொடிக்குச் சக்கரம் 10 சுற்று. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் ரேஷியோ 4.1, ஷாஃப்ட் நொடிக்கு 41 சுற்று. பல்லோடு பல் சேரும் ஓசை நொடிக்கு 410 முறை. போனில் ஒலி, அதிர்வு இரண்டின் அதிர்வெண்ணையும் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். 10 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர்வு என்றால் சக்கரம், டயர். 41 என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ். 410 என்றால் கிரவுன் பினியன். உங்கள் டயர், உங்கள் பல் எண்ணிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிஃபரன்ஷியல் மவுன்ட்டை கெட்டியா மாத்தினேன். இப்ப 'உய்ங்'னு கேட்குது. கிரவுன் பினியன் போச்சா?

அந்தச் சத்தம் முன்பும் இருந்தது; ரப்பர் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. கெட்டியான மவுன்ட் அதை உடம்புக்குள் திறந்துவிட்டிருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் பல் சேரும் ஓசையோடு பொருந்தி, மாற்றிய நாளிலிருந்து ஒரே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். வாரத்துக்கு வாரம் கூடினால், அல்லது 'உய்ங்' போய் 'கொர்ர்' என்று ஆனால், ஆயிலை இறக்கி, டிரெயின் பிளக்கில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை சகஜம். விரலில் நெருடும் துண்டுகள், மினுமினுக்கும் செதில்கள் சகஜம் அல்ல.

எஞ்சின் இழுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை என்ற நடுநிலையில் மட்டும் கரகரத்தால் பினியன் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

ரேஷியோ மாத்த கிரவுன் பினியன் புதுசா போட்டோம். அன்னிலிருந்து விசில்.

புதுப் பல் கொஞ்சம் பேசும், ஆனால் தெளிவான விசில் அடித்தால் அமைப்பு தவறு. பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, லேசான எதிர்ப்புக் கொடுத்துச் சுற்றி, அச்சு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பல்லின் நடுவே விழுந்தால் நல்லது. நுனி விளிம்பிலோ அடிவாரத்திலோ விழுந்தால் பினியனின் ஆழத்தை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மாற்ற வேண்டும். இடைவெளி அளவு சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மூடிவிடுகிறார்கள். அளவு சரியாக இருந்தும் அச்சு தவறாக விழலாம். கட்டிக்கொடுத்தவரிடம் அச்சின் படத்தைக் கேளுங்கள். ஆயில் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

எல்.எஸ்.டி. போட்டதுக்கு அப்புறம் மெதுவா திரும்பும்போது 'கடகடகட'.

எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் தட்டு வகையில், திரும்பும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் போவதால் தட்டுகள் ஒட்டி விட்டு, ஒட்டி விட்டு நகரும். அதுதான் கடகடப்பு. எல்.எஸ்.டி.க்கான ஆயிலும் தேவையான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரும் (தட்டுகளை ஒட்டாமல் வழுக்க விடும் சேர்ப்பு) ஊற்றி, திறந்த மைதானத்தில் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை எட்டுப் போடுங்கள். ஆயில் தட்டுகளுக்கு நடுவே போய்ச் சேரும். பந்தயத்துக்கென்று கடுமையாகச் செட் செய்த தட்டுகள் ஆயில் மாற்றியும் கொஞ்சம் பேசத்தான் செய்யும்.

ஹெலிகல் கியர் வகையில் தட்டே கிடையாது. அது கடகடத்தால் மாடிஃபையர் ஊற்றிப் பயனில்லை, வேறு கோளாறு. பல் பூட்டு லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் வகை) திரும்பும்போது 'டிக் டிக்' என்பதும், சட்டென்று 'டமார்' என்று பூட்டுவதும் அதன் இயல்பு. வெல்டு அடித்த டிஃபரன்ஷியலில் இரு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் டயர் தரையில் தேய்ந்து துள்ளும்; எந்த ஆயிலும் அதை மாற்றாது.

உயரம் மாத்தினதுல இருந்து ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் அதிர்வு. ஷாஃப்ட் பேலன்ஸ் பண்ணியும் போகலை.

போகாது, ஏனென்றால் பிரச்சினை கோணத்தில். யூ ஜாயின்ட் வளைந்து சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அதன் மறு பக்கம் வேகம் கூடிக் குறையும். மறு முனை ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் இது அடிபட்டுப் போகும். இல்லாவிட்டால் அதிர்வாக வெளியே வரும். முன் சொன்ன கணக்கில் 41-க்குப் பதில் 82 ஹெர்ட்ஸில் தெரிந்தால் இதுதான். எடை சக்கரத்தில் இருக்கும்போது கியர் பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றின் சாய்வையும் போனின் சாய்வுமானியால் அளந்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டும் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சுத்தமாக 0 ஆகவும் இருக்கக் கூடாது; ஊசி பேரிங்குகள் கொஞ்சமாவது நகர்ந்தால்தான் தேயாமல் இருக்கும்.

முழு ஆக்சில் (இரு பின்சக்கரங்களும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில்) உள்ள கார்களில் உயரம் மாறினால் பினியன் கோணமும் மாறும். பட்டை ஸ்பிரிங் என்றால் ஆப்பு வடிவ ஷிம் வைத்துத் திருத்தலாம். டிஃபரன்ஷியல் உடம்போடு பிடித்திருக்கும் கார்களில் பினியன் அங்கேயே இருக்கும், ஆனால் இரு பக்க சி.வி. ஜாயின்ட்டுகளின் (ஆக்சிலை வளைய விடும் இணைப்புகள்) கோணம் கூடும்.

ஸ்டாண்டில் ஏத்தி ஓடவிட்டா ரோட்டுல இல்லாத சத்தமெல்லாம் வருது.

சக்கரங்கள் தொங்கும்போது ஜாயின்ட்டுகள் எல்லாம் கடைசிக் கோணத்தில் நிற்கும். அப்போது வரும் தட்டலை நம்பாதீர்கள். ஸ்டாண்டை ஆக்சிலுக்கோ கீழ் ஆர்முக்கோ அடியில் வைத்து, ஓடும் உயரத்துக்குக் கொண்டுவந்துதான் கேட்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருந்தால் அது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். எல்.எஸ்.டி. உள்ள காரில் ஒரு சக்கரம் தரையில் இருக்க எஞ்சினைப் போட்டால் கார் ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். ஓடும் ஷாஃப்ட்டுக்குக் கீழே யாரும் போகக் கூடாது, கேட்பதற்காகக்கூட.

எல்லாத்தையும் மாத்தியாச்சு, சத்தம் மட்டும் அப்படியே இருக்கு.

இரண்டு சத்தம் ஒன்றாகக் கலந்திருக்கலாம். ஒன்று போனதும் மற்றது அதே போலக் கேட்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, அதே சாலையில், அதே வேகத்தில் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, பாகங்களைப் பிடித்திருக்கும் இடத்தையே பாருங்கள். ரப்பரை எடுத்துவிட்டுக் கெட்டியானதைப் போட்டபின், ரப்பர் வாங்கிய அடி தகட்டுக்குப் போகிறது. சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) போல்ட்டுகளைச் சுற்றி, ஷாக் கோபுரத்தில், ஆர்ம் பிராக்கெட்டின் வெல்டு ஓரத்தில் அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் துரு கசிந்திருந்தால் தகடு கிழிய ஆரம்பித்துவிட்டது. வெல்டு அடித்து மேல் தகடு வைத்துப் பலப்படுத்தாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

எந்தச் சத்தம் வந்தா வண்டியை அப்படியே நிறுத்தணும்?

சக்கரத்தின் வேகத்தோடு தட்டி, வரவர வேகமாகக் கூடும் சத்தம்: வீல் நட் கழன்றுகொண்டிருக்கலாம். தரைக்கு அடியிலிருந்து வரும் பலத்த இடியும் அதிர்வும்: யூ ஜாயின்ட். பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் இடமோ வலமோ நகர்வது போன்ற உணர்வோடு வரும் 'டொக்': ஏதோ ஒரு ஆர்ம் விட்டுவிட்டது. டிஃபரன்ஷியல் கரகரத்துக்கொண்டே, கருகிய ஆயில் வாடையும் அடித்தால் அதுவும் இந்த வரிசைதான். இவற்றில் எது வந்தாலும் மெதுவாக ஓரம் கட்டுங்கள், வீடு வரைக்கும் போய்விடலாம் என்று பார்க்காதீர்கள், வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.